குட்டி மர லாந்தர்: லேத் கேள்வி பதில்

போன இதழ்ல உள்ளங்கைக்குள்ள அடங்கற மர லாந்தர் பத்தி எழுதியிருந்தேன், லேத்துல (மரத்தைச் சுத்தவிட்டு உளியால சீவற கடைசல் மெஷின்) கடைஞ்சு நூல்ல தொங்கவிடற அலங்காரப் பொருள். அதுக்கு வந்த கேள்விங்கள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்து, பதில் சொல்ல வேண்டியதை நீளமாவே சொல்லியிருக்கேன்.

கே: சார், சின்ன லேத் ஒண்ணு வாங்கியிருக்கேன். பேனா, பம்பரம் எல்லாம் கடைஞ்சாச்சு, அடுத்து லாந்தர்தான் ஆசை. எந்த மரம், என்ன சைஸ், எங்க ஆரம்பிக்கறது?

ப: முதல் லாந்தரை உள்ள குடையாம முழுக்கட்டையாவே கடைங்க. ஜன்னல், லைட் எதுவும் வேண்டாம், கண்ணாடி வர்ற இடத்தை மஞ்சள் பெயின்ட்ல காட்டினா போதும். நிறைய பேர் எடுத்தவுடனே குடைய ஆரம்பிச்சு, ஜன்னல் சரியா வந்தும் மொத்தத்துல பாத்தா லாந்தர் மாதிரியே இல்லன்னு வருத்தப்படறாங்க, காரணம் ஜன்னல் இல்ல, உருவம்தான். லாந்தரை லாந்தரா காட்டறது மூணு பாகம்: மேல கூரை, நடுவுல உடம்பு, கீழ அடித்தட்டு. இதுல உடம்புதான் உயரமா இருக்கணும், மொத்த உயரத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. கூரை விளிம்பு உடம்பைத் தாண்டி 3, 4 மிமீ வெளியே நீட்டணும். அந்த நீட்டல் விழவைக்கற நிழல் கோடு இல்லன்னா பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரிதான் தெரியும். அடித்தட்டு கூரையை விட ஒரு துளி சின்னதா இருந்தா கண்ணுக்கு இதமா இருக்கும்.

மரம்னா நெருக்கமான ரேகை இருக்கற வெளிர் மரமா பாருங்க, ரப்பர் மரம், வெட்பாலை, பீச், மேப்பிள் எல்லாம் அருமையா கடையும், பெயின்டும் நல்லா நிக்கும். பைன்ல ஒரு வளையம் கெட்டி அடுத்த வளையம் மெத்துன்னு இருக்கறதால சின்ன மணி (உருண்டையா கடையற வளைய மேடு), விளிம்பு எல்லாம் பிஞ்சு வரும். தேக்கு பாக்க அழகுதான், ஆனா அதுல இருக்கற சிலிக்கா உளி முனையை சீக்கிரம் மழுக்கிடும், அடிக்கடி சாணை பிடிக்கத் தயார்னா எடுங்க. எந்த மரமா இருந்தாலும் நல்லா காய்ஞ்சிருக்கணும், ஈரம் 12 சதவீதத்துக்குள்ள. ஈரக்கட்டையில கடைஞ்சா அன்னைக்கு அழகா இருக்கும், ரெண்டு வாரத்துல கூரை கோணி அடித்தட்டு வெடிச்சிருக்கும். 40 மிமீ சதுரம், 110 மிமீ நீளம் எடுத்துக்கோங்க, ரேகை நீளவாக்குல ஓடணும், அதாவது கட்டையைச் சுத்தவிடற ஹெட்ஸ்டாக்ல இருந்து மறுமுனையைத் தாங்கற டெயில்ஸ்டாக் பக்கமா.

சதுரத்தை உருட்டும்போது நிமிஷத்துக்கு 800ல இருந்து 1000 சுத்து போதும், உருண்டையானதுக்கு அப்புறம் 2000 பக்கம் போகலாம். சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி கட்டையை கையால ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, 40 மிமீ சதுரத்துக்கு மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 57 மிமீ இருக்கு, அந்த மூலை, உளியைத் தாங்கற டூல் ரெஸ்ட்ல இடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்லவே வேண்டாம்.

கே: அண்ணா, மணி கடையும்போது ஸ்க்யூ உளி (வெட்டு முனை சாய்வா இருக்கற தட்டை உளி) திடீர்னு மாட்டி, வேலை செஞ்ச இடம் பூரா ஸ்க்ரூ மரை மாதிரி சுத்திக் கோடு விழுது. ஸ்க்யூவை விட்டுட்டு ஸ்க்ரேப்பருக்கு (சுரண்டற உளி) போயிடலாமா?

ப: போகாதீங்க தம்பி. ஸ்க்ரேப்பர் விட்டுட்டுப் போற மேற்பரப்பை வழவழப்பாக்க எவ்வளவு உப்புத்தாள் தேய்ச்சாலும், அந்த சின்ன மணியோட கூர்மை தேய்ஞ்சு போறதுதான் மிச்சம். இந்த சைஸ் வேலையில உளி விட்டுட்டுப் போற வெட்டுதான் அலங்காரத்துல பாதி.

மாட்டறதுக்குக் காரணம் எப்பவும் ஒண்ணுதான்: பெவலோட தாங்கல் இல்லாத இடத்துல முனை மரத்தைத் தொடுது. உளியோட சரிவான முகம் இருக்கு பாருங்க, அதான் பெவல், அது மரத்துல உரசிக்கிட்டே இருக்கணும், வெட்டு அந்த உரசலுக்கு அடுத்தாப்ல நடக்கணும். வழவழன்னு உருளை சீவும்போது முனையோட கீழ்ப்பாதியில மட்டும் வெட்டுங்க, மேல் நுனி மரத்தைத் தொட்ட நொடியே மரம் உளியை உள்ள இழுத்துடும். மணி உருட்டும்போது கீழ் நுனி, அதாவது குட்டை நுனி, அதால வெட்டுங்க, பிடியைத் தூக்கறதும் உளியைத் திருப்பறதும் ஒண்ணா நடக்கணும். தூக்கறது முந்திக்கிட்டா உள்ள குத்தும், திருப்பறது முந்திக்கிட்டா பெவல் நழுவி உளி பின்னாடி ஓடும், நீங்க சொல்ற அந்த மரைக்கோடு அப்படி விழறதுதான்.

இதைப் பழக ஒரு வழி சொல்றேன். லேத்தை நிறுத்திட்டு பெவல் மேல மார்க்கர்ல கறுப்பு பூசுங்க, இடது கையால கட்டையை மெதுவா சுத்திக்கிட்டே வலது கையால மணியை உருட்டுங்க. மெல்லிசா ஒரு சீவல் சுருண்டு வரும். அப்புறம் பெவலைப் பாருங்க, கறுப்பு எங்க அழிஞ்சிருக்கோ அங்கதான் உரசியிருக்கு. வெட்டு முனைக்கு ஒட்டினாப்ல அழிஞ்சிருந்தா சரி, பின்பக்கம் மட்டும் அழிஞ்சிருந்தா பிடியை இன்னும் கொஞ்சம் தூக்கணும். மோட்டார் ஓடும்போது ஒரு நொடியில முடிஞ்சு போற விஷயத்தை இப்படி நிதானமா கண்ணால பாக்கலாம். இதுக்கு 12 மிமீ அகல ஸ்க்யூ போதும், பெரிய உளி குட்டி மணிக்குள்ள நுழையாது. தீட்டுக்கல்லுல முனையை அடிக்கடி ரெண்டு இழுப்பு இழுத்துக்கோங்க, மழுங்கின ஸ்க்யூவை அழுத்தித்தான் ஓட்டணும், அழுத்தினா மாட்டத்தான் செய்யும்.

கே: உடம்பைக் குடைஞ்சதுக்கு அப்புறம் பக்கவாட்டுல ஜன்னல் துளை போட்டா உள்பக்கம் நார் நாரா பிஞ்சு வருது. முதல்ல ஜன்னல் போட்டுட்டு அப்புறம் குடைஞ்சாலும் அதே கதைதான். என்ன பண்ண?

ப: முதல்ல குடையறதுதான் சரியான வரிசை. 40 மிமீ உடம்புக்கு டெயில்ஸ்டாக்ல ட்ரில் சக் (பிட்டைப் பிடிக்கற தலை) மாட்டி 30 மிமீ ஃபோர்ஸ்ட்னர் பிட்டால (தட்டையான அடியோட அகலத் துளை போடற பிட்) நடுவுல துளை போடுங்க, சுவர் 5 மிமீ நிக்கும், வெளிப்பக்கம் கடைஞ்சு முடிக்கும்போது 3, 4 மிமீக்கு வந்துடும். வேகம் 500க்கு மேல வேண்டாம். 10 மிமீ உள்ள போனதும் பிட்டை வெளிய இழுத்து தூளைத் தட்டிட்டு மறுபடி விடுங்க, இல்லன்னா தூள் அடைச்சு சூடாகி உள்சுவர் கருகும், சில மரம் அந்த சூட்டுலயே விரிசல் விட்டுடும்.

இப்ப முக்கியமான விஷயம். துளைக்குள்ள இறுக்கமா போற மாதிரி ஒரு வேஸ்ட் உருளையைக் கடைஞ்சு உள்ள சொருகிடுங்க. லூஸா இருந்தா பிரயோஜனம் இல்ல, தேவைப்பட்டா ஒரு சுத்து பேப்பர் டேப் ஒட்டி இறுக்குங்க. அதுக்கப்புறம் வெளியில இருந்து ஜன்னல் துளை போட்டா பிட் சுவரைத் தாண்டினதும் அடுத்த மரத்துக்குள்ள போகுது, நாருக்குப் பின்னாடி தாங்கல் இருக்கறதால பிய்யாது. மேல ஒரு துளை கீழ ஒரு துளை போட்டு நடுவுல கம்பி ரம்பத்தால அறுத்து ஊசி அரத்தால சரி பண்ணினா ரெண்டு பக்கமும் வளைஞ்ச நீள ஜன்னல் கிடைக்கும். ரம்பம் போடறதுக்கு முன்னாடி உருளையை எடுத்துடணும்.

ஜன்னலை சம இடைவெளியில குறிக்கறதுக்கு இண்டெக்ஸ் (கட்டையைச் சம கோணத்துல நிறுத்திப் பூட்டற வசதி) இருக்கற லேத்னா சுலபம். இல்லன்னா காகிதப் பட்டையை உடம்பைச் சுத்தி ஒட்டாம கட்டி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறற இடத்துல வெட்டி எடுத்து, நாலா மடிச்சா நாலு ஜன்னல், மூணா மடிச்சு பாதியாக்கினா ஆறு. மடிப்புக் கோட்டைப் பென்சிலால மரத்துக்கு மாத்திக்கோங்க. ஸ்கேல் வச்சு அளக்கறதை விட இது எனக்குத் துல்லியமாவே வருது.

கே: ட்ரில்லே போடாம, மரத்தை நாலா பிளந்து திருப்பி ஒட்டிக் கடையற முறையில லாந்தர் பாத்தேன், ஜன்னல் நாலும் அவ்வளவு நளினமா வளைஞ்சிருந்துச்சு. முயற்சி பண்ணினேன், ரெண்டாவது தடவை கடையும்போது ஜன்னல் சட்டம் எல்லாம் தெறிச்சுப் போச்சு. கணக்கு எங்க தப்புது?

ப: ரொம்ப நல்ல கேள்வி, இந்த மாசம் நிறைய பேர் இதைத்தான் கேட்டிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச முறையும் இதுதான், உள்பக்கத்தை முதல்ல வெளிப்பக்கமா வச்சுக் கடைஞ்சு அப்புறம் உள்ள திருப்பறோம், உளி போகவே முடியாத இடத்துல உளி வெட்டின வளைவு வந்து உக்காருது.

தெரியாதவங்களுக்காக முறையைச் சுருக்கமா சொல்லிடறேன். 20 மிமீ சதுரக் குச்சி நாலு, 130 மிமீ நீளம். நாலையும் சேர்த்து வச்சா 40 மிமீ சதுரக் கட்டை ஆகும். தற்காலிகமா சேர்த்துப் பிடிச்சு நடுப்பகுதியைக் குழிவா கடையணும். அப்புறம் பிரிச்சு, ஒவ்வொரு குச்சியையும் அது அது இடத்துலயே அரைச் சுத்து திருப்பினா உள்ள இருந்த மூலை வெளிய வரும், வெளிய கடைஞ்ச குழிவு உள்ள போகும். இப்ப நிரந்தரமா ஒட்டி வெளிப்பக்கம் கடைஞ்சா நாலு ஒட்டுக்கோட்டுலயும் ஜன்னல் திறந்திருக்கும்.

கணக்கு எங்க தப்புதுன்னா, முதல் தடவை ரொம்ப ஆழமா கடைஞ்சிடறோம். திருப்பினதுக்கு அப்புறம் ஜன்னல் சட்டமா நிக்கப் போறது எதுன்னு யோசிங்க, முதல் கடைசல்ல நடுவுல மிச்சமிருந்த மரம்தான். அது இப்ப கட்டையோட வெளி மூலையில இருக்கு. 20 மிமீ சதுரத்தோட மூலைவிட்டம் 28.3 மிமீ. முதல் கடைசலோட ஆரத்தையும் ரெண்டாவது கடைசலோட ஆரத்தையும் கூட்டி, அதுல 28.3ஐக் கழிச்சா வர்றதுதான் சட்டத்தோட தடிமன். வேற கணக்கே கிடையாது.

போட்டுப் பாருங்க. முதல்ல குழிவை 24 மிமீ விட்டம் வரைக்கும் கடைஞ்சீங்க, ஆரம் 12. வெளிப்பக்கம் 40 மிமீ விட்டம், ஆரம் 20. கூட்டினா 32, கழிச்சா 3.7 மிமீ, நல்ல பலமான சட்டம், ஜன்னல் அகலமும் கிட்டத்தட்ட 16 மிமீ வரும். அதையே குழிவை 20 மிமீ வரைக்கும் கொண்டுபோனா சட்டம் 1.7 மிமீதான், உப்புத்தாள் தேய்ச்சாலே போயிடும். 16 மிமீ வரைக்கும் போனா கணக்கு பூஜ்யத்துக்குக் கீழ போயிடுது, அதாவது ரெண்டாவது தடவை உளி வச்சதும் சட்டமே இருக்காது, பூரா சீவலா போயிடும். உங்களுக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கும். வெளிப்பக்கமும் உருண்டையா இல்லாம நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கணும்னு ஆசைப்பட்டா, அந்த ஒடுங்கற அளவை முன்னாடியே முடிவு பண்ணி முதல் கடைசல்ல விட்டுக் கொடுக்கணும். குழிவுல ஆழமான இடத்துக்கு விட்டம் அளக்கற காலிப்பர் ஒண்ணை 24ல வச்சு லாக் பண்ணிடுங்க, கண் மதிப்புல போகவே கூடாது.

இன்னும் சில விஷயம். குச்சி நாலும் உண்மையிலேயே சதுரமா இருக்கணும், அரை மிமீ வித்தியாசம் இருந்தாலும் திருப்பி ஒட்டும்போது நடுக்கோடு விலகி ஜன்னல் ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதா வரும். ரெண்டு முனைக்கும் 20 மிமீ கடையாம சதுரமாவே விடுங்க, திருப்பினப்புறம் பசை பிடிக்கறதுக்கு இருக்கற இடமே அதுதான். கடையறதுக்கு முன்னாடி முனையில 1, 2, 3, 4ன்னு எழுதி, திருப்பினதுக்கு அப்புறம் அதே வரிசையில ஒட்டுங்க. தற்காலிகமா பிடிக்கறதுக்கு முனையில மட்டும் பசை போட்டு நடுவுல செய்தித்தாள் துண்டு வச்சு ஒட்டினா, வேலை முடிஞ்சதும் உளியை ஒட்டுல வச்சு லேசா தட்டினா காகிதம் ரெண்டா கிழிஞ்சு குச்சி பிரிஞ்சிடும். ஒட்டியிருக்கற மிச்ச காகிதத்தை சமதளத்துல உப்புத்தாள் போட்டு சுத்தமா எடுங்க. வெறும் டேப் சுத்தி ஓட்டறவங்களும் இருக்காங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, சுத்தற வேகத்துல டேப் இளகினா நாலு குச்சியும் நாலு பக்கம் பறக்கும்.

அப்புறம், குழிவு கடைஞ்ச உடனே, பிரிக்கறதுக்கு முன்னாடியே, லேத்துல இருக்கும்போதே அதுக்கு உப்புத்தாள் போட்டு கலரும் பாலிஷும் முடிச்சுடுங்க. ஒட்டினதுக்கு அப்புறம் அங்க விரல் கூட போகாது. பசை பிடிக்கற முனையில மட்டும் பாலிஷ் படாம பாத்துக்கோங்க. உள்ள கறுப்போ அடர் சிவப்போ கொடுத்து வெளிய மரத்தோட இயல்பு நிறத்தை விட்டா ஜன்னல் வழியா அந்த நிறம் லேசா எட்டிப் பாக்கும், அதை விட பெரிய அலங்காரம் அந்த லாந்தருக்கு வேண்டியதே இல்ல. நிரந்தர ஒட்டுக்கு மரப்பசை போட்டு 24 மணி நேரம் க்ளாம்ப்ல விட்டுடுங்க, அவசரப்படாதீங்க.

கே: கீழ தொங்கற கூர்முனை ஒவ்வொரு தடவையும் கடைசி நிமிஷத்துல ஒடியுது.

ப: டெயில்ஸ்டாக் பக்க நுனியில ஆரம்பிச்சு, கட்டையைப் பிடிச்சிருக்கற சக் பக்கமா வாங்க. நுனி 10 மிமீயைக் கடைஞ்சு, உப்புத்தாள் போட்டு, முடிச்சுட்டு அடுத்த 10 மிமீக்கு நகருங்க, முடிச்ச இடத்துக்கு மறுபடி உளியோட திரும்பாதீங்க. பின்னாடி தடிமனா மரம் இருக்கற வரைக்கும்தான் நுனி அதிராம நிக்கும். பெரும்பாலானவங்க மொத்த நீளத்தையும் முதல்ல ஒல்லியாக்கிட்டு அப்புறம் மணி, குழிவு போட வர்றாங்க, அப்ப கட்டை அதிரும், ஒடியும். டெயில்ஸ்டாக் அழுத்தத்தையும் ஒல்லியாக ஒல்லியாகக் குறைச்சுக்கிட்டே வரணும், இறுக்கி வச்சா வில்லு மாதிரி வளைஞ்சு நடுவுல முறியும்.

கூர்முனையைத் தனியா கடைஞ்சு 6 மிமீ டெனான் (துளைக்குள்ள நுழையற தண்டு) விட்டு அடித்தட்டுல 6 மிமீ துளையில ஒட்டறது நல்லது. அடர்த்தியான மரமா எடுங்க, ஈட்டி மரம் மெல்லிசா போனாலும் கூர்மையைப் பிடிச்சு வச்சுக்கும்.

கே: வணக்கம் சார். கலர் பட்டை போட்டா பெயின்ட் ரேகை வழியா கசிஞ்சு விளிம்பு பூரா பூனை மீசை மாதிரி இழை இழையா நிக்குது. மாஸ்கிங் டேப் ஒட்டியும் கேக்கலை.

ப: டேப் மேல்பரப்பைத்தான் மூடும், பெயின்ட் போறது மரத்துக்குள்ள இருக்கற குழாய் வழியா. அந்தக் குழாயை வெட்டிவிடணும். பட்டை வர்ற இடத்துக்கு ரெண்டு பக்கமும் ஸ்க்யூ நீள் நுனியால மெல்லிசா ஒரு வி கோடு போட்டா நார் அறுபட்டு கசிவு அங்கயே நின்னுடும். அதுக்கு முன்னாடி ஸ்பிரிட்ல நீர்க்கக் கரைச்ச ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு பூச்சு கொடுத்து காயவிட்டா இன்னும் நல்லது.

இதை விட எனக்குப் பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு. பட்டையை வேணும்ங்கறதை விட அகலமா, விளிம்பைப் பத்திக் கவலையே படாம பூசிடுங்க. நல்லா காய்ஞ்சதும் லேத்தை ஓட்டி ரெண்டு பக்கமும் இருக்கற அதிகப்படியை ஸ்க்யூவால சீவி எடுங்க. கலருக்குக் கீழ புது மரம் வெளிய வரும், நடுவுல நிக்கற பட்டையோட விளிம்பு பிளேடால வெட்டின மாதிரி இருக்கும், எந்த டேப்பும் அப்படி ஒரு கோட்டைத் தராது. கூரையில அடுக்கடுக்கா பட்டை வேணும்னா மொத்தக் கூரையையும் பூசிட்டு குழிவு குழிவா சீவிக்கிட்டு வாங்க, மேடு கலரா நிக்கும், பள்ளம் மரமா தெரியும்.

கறுப்புக் கோடு மட்டும் போதும்னா பெயின்டே வேண்டாம், கம்பியால சுட்டுடலாம். ஸ்க்யூ நுனியால முதல்ல சின்னதா வழி போட்டு, மெல்லிசான இரும்புக் கம்பியை அதுல வச்சு ரெண்டு கையால இழுத்துப் பிடிச்சா சில நொடியில புகை வந்து கோடு கறுக்கும். கம்பியோட ரெண்டு முனையிலயும் மரக்கட்டைப் பிடி கட்டியிருக்கணும், விரல்ல சுத்திக்கிட்டுப் பிடிக்கவே பிடிக்காதீங்க, எங்கயாவது மாட்டினா விரலையும் சேர்த்து இழுத்துடும். அடித்தட்டோட தட்டையான முகத்துல கம்பி நிக்காது, அங்க சன்மைக்கா துண்டோட விளிம்பை வச்சு அழுத்தினா அதே கறுப்புக் கோடு வரும்.

அரக்கு பத்தியும் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. கலர் அரக்குக் குச்சியை சுத்தற மரத்து மேல அழுத்தினா உரசற சூட்டுலயே உருகி ஏறிடும், காய்ஞ்ச தாழை மடலால அழுத்தித் தேய்ச்சா பரவி பளபளப்பும் வந்துடும், காயறதுக்குக் காத்திருக்கவே வேண்டாம். கீழ சீலர் எதுவும் போடாத வெறும் மரமா இருக்கணும். உருண்ட இடத்துக்கும் மேட்டுக்கும் அருமை, ஆழமான குழிவுக்குள்ள சமமா பரவாது. லாந்தர் கூரைக்கு அரக்கை விட அழகான சிவப்பு எனக்குத் தெரிஞ்சு வேற எதுலயும் வராது.

கே: உள்ள நிஜ மெழுகுவர்த்தி வைக்கலாமா?

ப: கூடாது. மெல்லிசான மரம், மேல ஷெல்லாக்கோ லாக்கரோ பூசியிருக்கு, பத்தறதுக்கு வேற என்ன வேணும்? எல்இடி மட்டும்தான்.

கே: எல்இடி வச்சேன், லைட் எரியுது, ஆனா லாந்தர் மாதிரி இல்ல, ஒரு புள்ளி கண்ணைக் குத்துது. பேட்டரியை எப்படி மறைக்கறது?

ப: புள்ளி நேரா தெரியறதுதான் பிரச்சினை. கண்ணாடி அரிதா இருந்த காலத்துல லாந்தர் ஜன்னலுக்கு மாட்டுக் கொம்பை மெல்லிசா சீவிப் போடுவாங்க, வெளிச்சம் அதுல பரவி மங்கலா ஒரே சீரா வெளிய வரும். நீங்க ட்ரேசிங் பேப்பரையோ பனி படிஞ்ச மாதிரி இருக்கற பிளாஸ்டிக் ஷீட்டையோ குழாயா சுருட்டி உள்ள விடுங்க, அதே வேலை நடக்கும். குடைஞ்ச முறைன்னா உள்சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சுட்டா வெளிச்சம் எல்லா ஜன்னலுக்கும் சமமா போகும். நீலம் கலந்த வெள்ளை எல்இடி வேண்டாம், மஞ்சள் சாயல் இருக்கறதா கேட்டு வாங்குங்க.

பட்டன் செல்லுல சிஆர் 2032 சரியான சைஸ், 20 மிமீ விட்டம், 3.2 மிமீ தடிமன். அடித்தட்டுல கீழ இருந்து 22 மிமீ ஃபோர்ஸ்ட்னரால குழி போட்டா செல்லும் தகடும் உக்காந்துடும். மூடியை சும்மா அழுத்தி மூடற மாதிரி விட்டுடாதீங்க, ஸ்க்ரூ போட்டே ஆகணும். குழந்தைங்க பட்டன் செல்லை முழுங்கி அது உணவுக் குழாய்ல மாட்டிக்கிட்டா 2 மணி நேரத்துக்குள்ளயே உள்ள புண்ணாக்கிடும், உயிருக்கே ஆபத்து. முழுங்கினதா சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், தானா வெளிய வந்துடும்னு காத்திருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்துல அழகுக்காக ஸ்க்ரூவை விட்டுடலாமான்னு கேக்கறவங்களுக்கு என் பதில் எப்பவும் வேண்டாம்தான்.

கே: தம்பி, ரிட்டயர் ஆனப்புறம் பொழுதுபோக்கா லேத் ஓட்டறேன். உப்புத்தாள் போடற அன்னைக்கு ராத்திரி பூரா இருமல். துணி கட்டிக்கிட்டுத்தான் செய்யறேன்.

ப: துணி போதாதுங்கய்யா. கண்ணுக்குத் தெரியற தூளைத்தான் துணி தடுக்கும், நெஞ்சுக்குள்ள போறது கண்ணுக்குத் தெரியாத பொடி. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூளை 1995லயே மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கறதுங்கற பட்டியல்ல சேர்த்துடுச்சு. முகத்துல இறுக்கமா உக்கார்ற என்95 மாஸ்க் போடுங்க, லேத்துக்குப் பின்னாடி வேக்குவம் க்ளீனர் குழாயைக் கட்டிவிடுங்க, உப்புத்தாள் போடும்போது வேகத்தைப் பாதியாக்குங்க. ஈட்டி மரம் கடைஞ்ச அன்னைக்கு இருமல் ஜாஸ்தின்னா அந்த மரத்தையே விட்டுடுங்க, அது நிறைய பேருக்கு ஒத்துக்கறதில்ல. டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்கய்யா. நீங்க உளியால வெட்டற மேற்பரப்பு சுத்தமா வந்தா உப்புத்தாள் 240 நம்பர்ல ஆரம்பிச்சா போதும், தூளே பாதியா குறையும்.

கே: ஃப்ரிக்‌ஷன் பாலிஷ் பிசுபிசுன்னு நிக்குது. சூப்பர் க்ளூ ஃபினிஷுக்கு மாறிடலாமா?

ப: பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அளவு. ரெண்டு மூணு சொட்டுப் போட்டு, வேகத்தை ஏத்தி, சூடு விரலுக்குத் தெரியற வரைக்கும் டிஷ்யூ பேப்பரால அழுத்தித் தேய்க்கணும். ஷெல்லாக் கரைஞ்சிருக்கற ஸ்பிரிட் அந்த சூட்டுல பறக்கணும், பறக்கலைன்னா ஒட்டும். தொங்கவிட்டுப் பாக்கற பொருள், கையில பிடிச்சுத் தேயப் போறதில்ல, அதனால ஃப்ரிக்‌ஷன் பாலிஷே போதும். சூப்பர் க்ளூ கண்ணாடி மாதிரி மின்னும், எனக்கு லாந்தர்ல அந்த பிளாஸ்டிக் பளபளப்பு பிடிக்காது, அது அவங்கவங்க ரசனை. போடறதா இருந்தா பருத்தித் துணியில தொட்டுப் போடாதீங்க, பஞ்சும் க்ளூவும் சேர்ந்தா சட்டுனு சூடேறி கை வெந்துடும். பாலிஷ் எதுவா இருந்தாலும் சுத்தற மரத்துகிட்ட துணியைக் கொண்டு போகவே வேண்டாம், டிஷ்யூ மாட்டினா கிழியும், துணி மாட்டினா கையை இழுக்கும். கிளவுஸும் அதே மாதிரிதான்.

இன்னொண்ணு, கறுப்பு மரமும் வெள்ளை மரமும் ஒட்டிக் கடைஞ்சிருந்தா உப்புத்தாளுக்கு முன்னாடியே ஷெல்லாக் ஒரு பூச்சு கொடுத்துடுங்க, இல்லன்னா கறுப்புத் தூள் வெள்ளை மரத்தோட துவாரத்துல போய் உக்காந்து அழுக்கா தெரியும், அப்புறம் அதை எடுக்க முடியாது.

கே: ஒரே மாதிரி பன்னெண்டு வேணும்னு கேக்கறாங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு வரமாட்டேங்குது அண்ணா.

ப: லாந்தர் லாந்தரா முடிக்காதீங்க. பன்னெண்டு உடம்பையும் வரிசையா கடைங்க, அப்புறம் பன்னெண்டு கூரை, அப்புறம் அடித்தட்டு. கை ஒரே அசைவுல பழகிடும். ஒரு மெல்லிசான பிளைவுட் பட்டையில மணி எங்க ஆரம்பிக்குது, குழிவு எங்க முடியுதுன்னு ஒவ்வொரு இடத்துலயும் விளிம்புல சின்ன வெட்டு போட்டு வச்சுக்கோங்க. சுத்தற உருளைக்குப் பக்கத்துல, டூல் ரெஸ்ட் மேல அதை வச்சு, வெட்டுல பென்சில் நுனியை விட்டா எல்லாக் கோடும் ஒரே தடவையில விழும். விட்டத்துக்குக் காலிப்பரைத் திருப்பித் திருப்பி அட்ஜஸ்ட் பண்ணாம, முக்கியமான மூணு அளவுக்கு மூணு காலிப்பரை வச்சு லாக் பண்ணிடுங்க, பார்ட்டிங் டூலால (குறுகலா நேரா வெட்டற உளி) அந்த மூணு இடத்தையும் அளவுக்குக் கொண்டு வந்துட்டு மிச்சத்தை அதுக்கு ஏத்தாப்ல இணைச்சா போதும்.

மாடலுக்கு முதல்ல கடைஞ்சதை எடுத்துக்காதீங்க. மூணு நாலு கடைஞ்சு, பக்கத்துல பக்கத்துல தொங்கவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்னு பாத்து, எதோட கூரை மனசுக்கு சரின்னு படுதோ அதுல இருந்து பிளைவுட் பட்டைக்கு அளவு எடுங்க. பன்னெண்டு கேட்டா பதினாலு கட்டை அறுத்து வைங்க, ஒரே பலகையில இருந்து, அப்பதான் நடுவுல ஒண்ணு வீணானாலும் நிறமும் ரேகையும் மத்ததோட ஒத்துப் போகும்.